பெருந்துறைக் கரை முதல் எல்கைப் பந்தயம் வரை: புதுக்கோட்டைச் சீமையில் குதிரையின் பின்கால் மூட்டும் அதன் வைத்தியமும்

குதிரையின் பின்னங்காலின் நடுவே பின்னோக்கிக் கோணமிட்டு நிற்கும் மூட்டு, பார்வைக்கு முழங்கால் என்று தோன்றினாலும், உடற்கூற்றின்படி மனிதனின் கணுக்காலுக்கு நிகரானது. அதன் பின்முனையில் துருத்தி நிற்பது குதிகால் எலும்பு. இங்கே பின்கால் கணுமூட்டு என்று குறிக்கப்பெறும் இவ்வுறுப்பு ஒற்றை மூட்டு அன்று, ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த நான்கு மூட்டுகளின் தொகுதி. கால் மடங்குவதும் நீள்வதும் ஏறத்தாழ முழுமையாக மேலடுக்கிலேயே நிகழ்கின்றன. கீழுள்ள இரண்டு அடுக்குகளில் இருக்கும் தட்டையான சிறு எலும்புகள் மிகச் சிறிதளவே வழுக்கிக் கொடுத்து, குளம்பு தரையில் மோதும் அதிர்ச்சியையும் உடல் திரும்பும்போது எழும் முறுக்கத்தையும் தாங்கிக்கொள்கின்றன. குதிரையை முன்னோக்கி உந்துபவை பின்னங்கால்களே ஆதலால், பாய்ச்சலின் விசையும் திடீர் நிறுத்தத்தின் சுமையும் வண்டி இழுப்பின் பளுவும் கடைசியில் இந்தச் சிறு எலும்புகளின்மேல்தான் வந்து இறங்குகின்றன.

இம்மூட்டுக்கு வரும் கேடுகளுள் முதன்மையானது கீழடுக்குகளைப் பற்றும் எலும்புப் புடைப்பு நோய். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உராய்ந்து, மூட்டின் உட்புறத்துக் கீழ்ப்பகுதியில் கெட்டியான மேடு ஒன்று எழும்பும். லாயத்தை விட்டு வெளியே வரும்போது விறைத்து நொண்டும் குதிரை, சிறிது தொலைவு நடந்து உடல் சூடேறியபின் ஓரளவு நேராக ஓடிவிடும் என்பதால், இந்நோயை மறைத்து விற்பது எக்காலத்திலும் எளிதாகவே இருந்து வந்திருக்கிறது. குளம்பின் முன்நுனி தரையில் இழுபட்டு லாடம் அந்த இடத்தில் மட்டும் தேய்ந்திருப்பதே தேர்ந்த கண்ணுக்குக் கிடைக்கும் முதல் தடயம். மேலடுக்கில் மூட்டுநீர் மிகுந்து மெத்தென்று வீங்குவது இரண்டாவது வகை. இது தோற்றத்தில் அச்சுறுத்தினாலும் பெரும்பாலும் நோவு தருவதில்லை. இவை தவிர, குதிகாலுக்குச் சற்றுக் கீழே பின்புறத்து நார்ப்பட்டை பிசகித் தடிப்பதும், குதிகால் முனை சுவரிலோ தரையிலோ அடிபட்டு அங்கே நீர்க்கட்டி உண்டாவதும் உண்டு. உருது பேசிய பழைய குதிரை வைத்தியர்கள் எலும்புப் புடைப்பை ஹட்டா என்றும் நீர்வீக்கத்தை மோத்ரா என்றும் அழைத்தனர்.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் குதிரை வளர்ப்புக்கு உரிய மண் அன்று. செம்புரைக்கல்லும் செம்மண்ணும் கலந்து, மழையை நம்பிக் கண்மாய்களில் நீர் தேக்கி உழவு செய்யும் இந்நிலத்தில், பரந்த புல்வெளிகளில் மந்தையாகக் குதிரை மேய்வதற்கு இடமே இருந்ததில்லை. ஆயினும் தமிழகத்தில் குதிரையின் பெயரோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்த ஊர் ஒன்று இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. தென்வெள்ளாற்றை அடுத்த ஆவுடையார்கோயில், அதாவது பழைய திருப்பெருந்துறை, பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு வந்த அமைச்சர் மாணிக்கவாசகர் குருந்தமரத்தடியில் குருவைக் கண்டு, கொண்டுவந்த பொருளைக் கோயிற்பணிக்குச் செலவிட்ட தலமாகச் சைவ மரபில் போற்றப்படுகிறது. அதன்பின் இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிச் சென்றதும், அவை இரவில் மீண்டும் நரிகளாகிப் பழைய குதிரைகளையும் கடித்துக் குதறியதும் திருவிளையாடற் புராணத்தின் புகழ்பெற்ற படலங்கள். இக்கதையின் சமயப் பொருள் ஒருபுறம் இருக்க, அது தாங்கி நிற்கும் பொருளியல் உண்மை கவனத்துக்குரியது: பாண்டிய நாட்டுக்குக் குதிரை கடல்வழியே வந்தது, கீழைக் கடற்கரையில் இறங்கியது, கருவூலத்தைக் காலிசெய்யும் அளவுக்கு விலை கொண்டது, வாங்கிய குதிரை வாங்கியபடியே நிலைக்கும் என்ற உறுதி எவருக்கும் இருக்கவில்லை.

கடல்வழிக் குதிரை வருகை அக்கதையினும் பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் வந்த குதிரைகள் இருந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்தைச் (சேரநாட்டைச்) சேர்ந்த குதிரைச் செட்டிகள் கோயில்களுக்குக் கொடை அளித்தவர்களாகக் காணப்படுகின்றனர். மேற்குக் கரையில் அரபு வணிகரிடம் வாங்கித் தரைவழியே கிழக்கே கொண்டுவந்து விற்றவர்கள் இவர்கள் எனலாம். நிகண்டுகள் மூவேந்தர் குதிரைகளுக்குத் தனித்தனிப் பெயர் சூட்டி, பாண்டியனுடையது கனவட்டம், சோழனுடையது கோரம், சேரனுடையது பாடலம் என்று வகுத்திருப்பது, குதிரை எத்துணை அருமையான உடைமையாகக் கருதப்பட்டது என்பதற்குச் சான்று.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ 1292இல், பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோவின் குறிப்புகளிலிருந்துதான் இக்குதிரைகளின் உடல்நிலை பற்றிய செய்தி தெளிவாகக் கிடைக்கத் தொடங்குகிறது. கிஷ், ஓர்முசு, தோஃபார், ஏடன் முதலிய துறைகளின் வணிகர்கள் ஆண்டுதோறும் குதிரைகளைக் கொண்டுவருவதாகவும், ஓர் அரசன் மட்டுமே ஆண்டுக்கு 2000க்கு மேல் வாங்குவதாகவும், அவனுடைய உடன்பிறந்தார் நால்வரும் அதே அளவு வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதுகிறார். இறப்புக்கு அவர் கூறும் காரணம், குதிரையைப் பேணத் தெரிந்தவர் அங்கே இல்லை என்பது. குதிரை வைத்தியர் எவரும் அந்நாட்டுக்குப் போய்விடாதபடி விற்பவர்களே தடுத்தனர், ஏனெனில் குதிரை சாகச் சாகத்தான் வணிகம் செழிக்கும் என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். உணவாகச் சோறும் சமைத்த இறைச்சியும் கொடுக்கப்பட்டன என்பதும், நல்ல பெட்டைக்கு நல்ல ஆண்குதிரையைச் சேர்த்தாலும் பிறக்கும் குட்டி கால் கோணிச் சவாரிக்கு உதவாததாக இருந்தது என்பதும் அவர் தரும் கூடுதல் செய்திகள்.

100 கூட எஞ்சவில்லை என்ற கணக்கு வணிகர் வாயிலிருந்து வந்த மிகையாகவே இருக்கவேண்டும். அத்தனை பெரிய இழப்பை எந்தக் கருவூலமும் பல தலைமுறைகளுக்குத் தாங்கியிருக்க முடியாது. ஆனால் கால் கோணிய குட்டிகளைப் பற்றிய வரியை அப்படித் தள்ளிவிட இயலாது. அரிசியில் எலும்பை உறுதிப்படுத்தும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, அதோடு சேரும் எரியச்சத்து (பாஸ்பரசு) அதிகம். தவிட்டில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடுதல். இத்தகைய தீனியையே பெரும்பகுதியாக உண்ணும் குதிரையின் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறையும்போது, உடல் தன் எலும்புகளைக் கரைத்தே அக்குறையை ஈடுசெய்கிறது. எலும்பு மென்மையாகி, மூட்டுகள் வலித்து, இடம்மாறும் நொண்டல் தோன்றும். ஐரோப்பாவில் மாவு ஆலைக்காரரின் குதிரைகளுக்கு, மலிவாகக் கிடைத்த தவிட்டை மிகுதியாகத் தின்றதால், இதே நோய் வந்தது. தாய்க்கு இந்நிலை என்றால் குட்டியின் கால் நேராக வளர்வது அரிது. ஆகவே அயல்நாட்டுப் பயணி ஒருவர் வியப்புச் செய்தியாகப் பதிந்த கோணற்கால், பாண்டிய லாயங்களின் சோற்றுப் பானையோடு தொடர்புடையது என்று கருதுவதற்குப் போதிய காரணம் இருக்கிறது.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்னும் துல்லியமான ஒரு குறிப்பைத் தருகிறார். கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்ப உடன்பாடு இருந்தது. பாரசீக வளைகுடாவின் பிற துறைகளையும் சேர்த்து ஒருகாலத்தில் 10,000 வரை வந்தன. ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். வந்திறங்கிய குதிரைகளை முளைகளில் கயிற்றால் கட்டி 40 நாள் அசையாமல் நிறுத்தி, வறுத்த தானியத்தையும் வெண்ணெயில் வெந்த உணவையும் காய்ச்சிய பசும்பாலையும் ஊட்டிக் கொழுக்க வைத்தனர் என்றும், பின்னர் எவ்விதப் பயிற்சியும் இன்றி ஏறி முரட்டுத்தனமாக விரட்டினர் என்றும், மிக வலிய குதிரையும் குறுகிய காலத்தில் தளர்ந்து பயனற்றுப் போயிற்று என்றும் அவர் எழுதுகிறார். பின்கால் கணுமூட்டைக் கெடுப்பதற்கென்றே ஒருவர் முறை வகுத்தாலும் இதைவிடத் திறமாக வகுக்க முடியாது. பல வாரக் கப்பல் பயணத்தில் நின்றபடியே வந்த விலங்கின் தசையும் நாரும் ஏற்கெனவே இளகியிருக்கும். அதன்மேல் 40 நாள் கட்டு. அக்கட்டில் உடல் எடை ஏறுகிறது, மூட்டைத் தாங்கும் தசையோ மேலும் சுருங்குகிறது. பிறகு ஒரே நாளில் முழுப் பாய்ச்சல். படிப்படியாகக் கூட்டப்படாத உழைப்பு மூட்டுக்கு எத்துணைக் கேடு என்பதை இன்றைய பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் அனைவரும் அறிவர்.

வாங்குபவன் இவ்வாறு நட்டப்பட, விற்பவனுக்கு எந்தப் பொறுப்பும் இல்லாத சந்தை அது. விசயநகரத்தில் தங்கியிருந்த போர்த்துகீசியக் குதிரை வணிகர் பெர்னாவ் நூனிசு, சாளுவ நரசிம்மன் காலத்தில் கடலில் இறந்த குதிரைக்கும் அதன் வாலைக் கொண்டுவந்து காட்டினால் உயிருள்ளதற்குரிய விலையே கிடைத்தது என்று எழுதியிருக்கிறார். வாலுக்கு விலை கொடுக்கும் சந்தையில் எவரும் காலைத் தடவிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இதனால் இந்தியாவில் குதிரை வைத்தியமே இல்லை என்று முடிவு கட்டுவது பெரும் தவறாகும். சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் வடமொழி மரபு மிகப் பழமையானது. நகுலன் பெயரிலும் சயதத்தன் பெயரிலும் அமைந்த அசுவ வைத்திய நூல்கள் குதிரையின் இலக்கணம், நடை, உணவு, பருவத்துக்கேற்ற பராமரிப்பு, நோய், மருந்து, குருதி வாங்குதல், சூடு போடுதல் ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசத்திலும் குதிரைக்கு இடமுண்டு. பிற்காலத்தில் இம்மரபு பாரசீக மொழிக்கும் பெயர்க்கப்பட்டது. புதுக்கோட்டைக்கு அண்டையிலேயே, தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில், குதிரை நூல்களின் சுவடிகள் ஓவியங்களோடு பாதுகாக்கப்பட்டு வருகின்றன. இரண்டாம் சரபோசி மன்னரின் (1798–1832) ஈடுபாட்டால் வளர்ந்த அத்தொகுப்பில் யானைக்கும் குதிரைக்கும் மனிதருக்கும் உரிய மருத்துவ நூல்கள் அருகருகே இருப்பது மனநிறைவு தரும் காட்சி.

குறை நூலில் இல்லை. நூலுக்கும் லாயத்துக்கும் இடையே இருந்த தொலைவில் இருந்தது. குதிரை வாங்கும் இடத்தில் நூலறிவின் மிகச் சிறிய பகுதியே, அதாவது சுழிகளைப் பற்றிய பகுதியே, பெருவழக்காயிற்று. நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் மயிர் சுழன்று வளரும் இடங்களைப் பார்த்து, இன்ன சுழி உடையவனுக்கு ஆக்கம், இன்ன சுழி குடும்பத்துக்குக் கேடு என்று கணிக்கும் வழக்கம் காளைக்கும் குதிரைக்கும் பொதுவாக இன்றுவரை நிலைத்திருக்கிறது. சுழி நல்லது என்றால் விலை ஏறும், கெட்டது என்றால் நல்ல குதிரையும் தள்ளப்படும். அதே நூல்கள் மூட்டின் அமைப்பையும் குளம்பின் தன்மையையும் ஆராயச் சொல்லியிருந்தும், கையால் தடவி, நடக்கவிட்டு, பின்னால் நின்று பார்த்து அறியவேண்டிய அப்பகுதி, கண்ணால் ஒரு நொடியில் பார்த்துவிடக்கூடிய சுழியின் முன் பின்தங்கிப்போனது. குதிரையை அன்றாடம் தொட்டுப் பேணிய குதிரைக்காரர்களுக்கும் புல்லறுத்துக் கொடுத்தவர்களுக்கும் அந்நூல்களின் மொழி எட்டவில்லை என்பது இதைவிடக் கவலைக்குரியது.

கைவழி மரபாக வந்த வைத்தியத்தைச் செய்தவர்கள் சாலோத்ரி என்றழைக்கப்பட்ட குதிரை வைத்தியர்களும், லாடம் கட்டுபவர்களும் ஆவர். பின்கால் மூட்டு வீங்கினால் முதலில் நொச்சி, புளியிலை போன்றவற்றை வேகவைத்து ஒத்தடம், அதற்கு மசியாவிட்டால் பற்று, அதற்கும் மேலே கொப்புளம் எழுப்பும் மருந்து என்று சிகிச்சை ஏறுமுகமாகச் சென்றது. கொப்புளம் எழுப்ப இங்கே சேங்கொட்டை எண்ணெய் பயன்பட்டது. தோலைப் புண்ணாக்கும் அதன் கடுமை வண்ணார் துணிக்குக் குறியிடும்போதே யாவரும் அறிந்தது. ஐரோப்பியர் அதே நோக்கத்துக்கு ஒருவகை வண்டின் தூளையும் பாதரச அயோடைடுக் களிம்பையும் கையாண்டனர். எல்லாவற்றுக்கும் இறுதியில் நின்றது சூட்டுக்கோல். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மூட்டின் மேல் கோடுகளாகவோ புள்ளிகளாகவோ சுடுவது அரேபியா, இந்தியா, ஐரோப்பா ஆகிய மூன்று நிலங்களின் வைத்தியரும் ஒருமித்து நம்பிய முறை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பிரித்தானியக் கால்நடை மருத்துவர்களும் அதைக் கைவிடவில்லை.

இத்தனை நாட்டார் இத்தனை நூற்றாண்டுகளாக நம்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எலும்புப் புடைப்பு நோயில் தேய்ந்துபோன கீழடுக்கு எலும்புகள், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாகிவிடுவது உண்டு. அந்த அடுக்குகளில் அசைவு மிகக் குறைவு என்பதால் அவை ஒட்டிக்கொண்டாலும் கால் மடங்குவதற்குத் தடை ஏதும் இல்லை. உராய்வதற்கு மூட்டே இல்லாதபோது வலியும் அடங்குகிறது. சூடு போட்ட குதிரையைப் புண் ஆறும்வரை, பல வாரங்களுக்கு, எவரும் வேலைக்குப் பூட்ட முடியாது. அந்தக் கட்டாய ஓய்வில் உடல் தன் வேலையைச் செய்தது, பெயரை இரும்பு தட்டிக்கொண்டது. 1980களில் பிரித்தானியாவில் தசைநாண் காயங்கள்மேல் நடந்த ஆய்வு, சூடு போடுவதால் ஆறுதல் விரைவதில்லை என்று காட்டியபோதுதான், வீண் வேதனையை விலங்கின்மேல் சுமத்தி வந்திருக்கிறோம் என்பது மருத்துவ உலகுக்குப் புலப்பட்டது. சூடில்லாமல் ஓய்வு மட்டும் கொடு என்று ஒரு வைத்தியர் சொல்லியிருந்தால் அவருக்கு ஊதியம் கிடைத்திருக்குமா, சிப்பாய்க்கோ வண்டிக்காரருக்கோ அத்தனை நாள் குதிரையை நிறுத்தி வைக்க இயன்றிருக்குமா என்பவை வரலாற்றாசிரியர் கேட்கவேண்டிய கேள்விகள். குதிரையின் மூட்டுக்கு வேண்டியிருந்தவை ஓய்வும், படிப்படியான உழைப்பும், எலும்புக்கு ஏற்ற தீனியும். அம்மூன்றையுமே குதிரையை வைத்திருந்தவர்களின் தேவை மறுத்தது.

தொண்டைமான்கள் 1686 முதல் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இத்தேவையின் வடிவம் மாறியது. காட்டரண்களையும் காலாட்களையும் நம்பிய அவ்வரசில் குதிரைப்படை பெரிதாக வளரவில்லை. பிற்காலத்தில் மன்னரின் மெய்க்காவலுக்கும் ஊர்வலச் சிறப்புக்கும் உரிய சிறு பிரிவாகவே அது எஞ்சியது. சிற்றூர்களில் சுமைக்கும் சவாரிக்கும் பயன்பட்டது நாட்டு மட்டக்குதிரை. உயரமும் அழகும் குறைந்த இவ்வினத்துக்கு உடல் எடை குறைவாக இருந்தது. கொல்லைக்காட்டில் விளைந்த கொள்ளும் வரப்பில் அறுத்த அறுகம்புல்லுமே தீனி. அரிசியோடு ஒப்பிடக் கொள்ளில் சுண்ணாம்புச் சத்து பல மடங்கு உண்டு என்பதை நினைத்தால், அரசனின் அரபுக் குதிரை பால்சோறு தின்று நொண்டிய நாட்டில் ஏழையின் மட்டக்குதிரை தேறி நின்றதில் வியப்பில்லை.

ஆங்கிலேயர் படைக்குக் குதிரை வளர்க்க ஒசூரில் 1824இல் பண்ணை தொடங்கப்பட்டது. ஆனாலும் தேவையை ஈடுசெய்தது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் சென்னைத் துறைக்கு வந்திறங்கிய வேலர் குதிரைகள்தான். பெருந்துறைக் காலத்தைப் போலவே மீண்டும் கடல்வழி, மீண்டும் பல வாரம் நின்றபடி பயணம்; ஆனால் இம்முறை விற்பனைக்கு முன் படை மருத்துவர்கள் ஒவ்வொரு காலையும் தடவிப் பார்த்தனர், கணுமூட்டில் மேடு தென்பட்ட குதிரை கழிக்கப்பட்டது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் (ஆட்சி 1886–1928) குதிரைப் பந்தயத்தில் பேரார்வம் கொண்டவர். 1915இல் மெல்போர்னைச் சேர்ந்த மோலி பிங்கை மணந்தபின் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த ஆண்டுகளில் அங்கே பந்தயக் குதிரைகளை வைத்திருந்தார். கடல் கடந்து குதிரை வாங்கிய தமிழ் மன்னர் வரிசையில் அவரை ஒருவகையில் கடைசியானவர் என்று கொள்ளலாம்.

சாதாரண மக்களின் வாழ்வில் குதிரை நுழைந்தது ஜட்கா வண்டி வழியாக. 1929இல் திருச்சியிலிருந்து இருப்புப்பாதை புதுக்கோட்டையை எட்டியபின், நேர்கோடாக வகுக்கப்பட்ட அந்நகரின் அகன்ற வீதிகளில் பயணிகளையும் மூட்டைகளையும் ஏற்றிச் சென்ற ஒற்றைக் குதிரை வண்டிகள் சில பத்தாண்டுகளுக்கு நகரின் இன்றியமையாத ஊர்தியாயின. வண்டிக் குதிரையின் கணுமூட்டு, பாய்ச்சல் குதிரையினுடையதைவிட வேறு வகையில் கெட்டது. சரளை போட்ட சாலையில் ஓயாத குலுங்கோட்டம். பாரம் ஏற்றிப் புறப்படும் ஒவ்வொரு முறையும் பின்னங்காலை ஊன்றி உந்தும் முதல் இழுப்பு. இரவில் குறுகிய கொட்டிலில் பின்னங்கால்கள் இரண்டையும் கயிற்றால் பின்னோக்கி இழுத்து முளையில் கட்டும் வழக்கம். கயிறு குதிரையின் உதையைத் தடுத்ததே அன்றி, எழும்போதும் படுக்கும்போதும் மூட்டை இயல்புக்கு மாறாக முறுக்கியது. வெறுந்தரையில் படுத்த குதிரையின் குதிகால் முனை தேய்ந்து வீங்கியது. அன்றாட வருவாய் அன்றைய ஓட்டத்தில்தான் இருந்தது என்பதால், நொண்டும் குதிரையையும் பூட்டியே ஆகவேண்டிய நிலையில் வண்டிக்காரர் இருந்தார். 1890ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் நோயுற்ற விலங்கை வேலை வாங்குவதைக் குற்றமாக்கியது. ஆயினும் தண்டனைக்கு அஞ்சி நிறுத்தினால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலைக்கு அச்சட்டத்தில் மருந்து இல்லை.

குதிரை இல்லாத சிற்றூர்களிலும் குதிரை உண்டு என்பதை இச்சீமையைப் பற்றி எழுதுபவர் எவரும் சொல்லாமல் விடமுடியாது. நமனசமுத்திரத்தை அடுத்த இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலில் மரநிழலில் வரிசைவரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளும், குளமங்கலத்து அய்யனார் கோயிலில் மாசிமகத்தன்று மாலைகளால் மூடப்படும் 30 அடிக்கு மேல் உயர்ந்த குதிரைச் சிலையும், பிடிமண் கொடுத்து வேளாரிடம் குதிரை செய்வித்து ஊர்கூடிச் சுமந்து செல்லும் புரவி எடுப்பும் இம்மண்ணின் வழிபாட்டில் ஆழமாக ஊன்றியவை. வேளார் வனையும் குதிரையின் நான்கு கால்களும் மூட்டே இல்லாத நேரான உருளைகள். ஈர மண்ணின் பாரத்தையும் சூளையின் வெப்பத்தையும் தாங்க அவ்வடிவமே ஏற்றது என்பது தலைமுறை தலைமுறையாகக் கண்ட தொழிலறிவு. கல்லில் செதுக்கிய தச்சனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கி எழும் குதிரைகளின் முழுப் பாரமும் மடங்கிய பின்கால் கணுமூட்டுகளில் இறங்குவதையும், குதிகால் முனையின் கூர்மையையும், அதிலிருந்து மேலேறும் தடித்த தசைநாணையும் நாயக்கர் காலச் சிற்பி காட்டியிருக்கும் விதம், குதிரைகளை நெடுநாள் உற்றுப் பார்த்த ஒருவனால் மட்டுமே இயல்வது.

முறையான கால்நடை மருத்துவக் கல்வி லாகூரில் 1882இலும், பம்பாயில் 1886இலும், கல்கத்தாவில் 1893இலும் தொடங்கி, சென்னை வேப்பேரியில் 1903இல் வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் படைக் குதிரையை மனத்தில் கொண்டு உருவான இக்கல்வி, வெக்கை நோயால் மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்த நாட்டில் விரைவிலேயே மாட்டின் பக்கம் திரும்பியது. அது நியாயமான மாற்றமே. அதன் விளைவாகக் குதிரை மருத்துவம் பந்தயத் திடல்களையும் காவல்துறை லாயங்களையும் ஒட்டிய சிறு துறையாகச் சுருங்கிற்று. எக்சு-கதிர்ப் படம் வந்தபின்தான் எந்த அடுக்கு தேய்ந்திருக்கிறது, எது ஒட்டத் தொடங்கியிருக்கிறது என்பதை உயிருள்ள குதிரையில் காண முடிந்தது. 1950களில் மூட்டுக்குள் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசியும் பீனைல்பியூட்டசோன் என்னும் வலிநீக்கியும் புழக்கத்துக்கு வந்தன. ஊசி வீக்கத்தை வியக்கத்தக்க விரைவில் அடக்கும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் எஞ்சியிருக்கும் குருத்தெலும்பும் கெடக்கூடும், சில குதிரைகளுக்குக் குளம்பின் உள்ளே அழற்சி கண்டு நிற்கவே முடியாமற் போகலாம். வலிநீக்கிகளில் இன்னொரு கோணமும் உண்டு: டைக்ளோஃபெனாக் செலுத்தப்பட்டு இறந்த கால்நடைகளைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் மடிந்ததால், 2006இல் இந்திய அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தது; 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் அத்தடையில் சேர்ந்தன. கழுகுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் இன்று பரிந்துரைக்கப்படுகிறது. மருந்துக்கு அடங்காத நிலையில், தேய்ந்த கீழடுக்கு மூட்டுகளை அறுவை மூலம் துளையிட்டு விரைவாக ஒட்டச் செய்வதும் உண்டு; உடல் பல மாதம் எடுத்துச் செய்யும் வேலையைச் சுருக்கிச் செய்வதே அதன் தத்துவம்.

ஜட்கா மறைந்தபின் புதுக்கோட்டையில் குதிரை நிலைத்திருப்பது எல்கைப் பந்தயத்தால். அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம் வட்டாரங்களில் கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயங்களோடு குதிரைவண்டிப் பந்தயமும் சேர்ந்தே அறிவிக்கப்படுகிறது. பெரிய குதிரை, நடுக்குதிரை, புதுக்குதிரை என்று பிரிவு வகுத்து, எல்லைக் கல் வரை சென்று திரும்பும் தொலைவைக் குறித்து, முந்திவரும் வண்டியின் உரிமையாளருக்குப் பணமும் ஓட்டிய சாரதிக்குக் கொடிப் பரிசும் வழங்குவர். விழாவின் எழுச்சியும் குதிரையை மகனைப்போல் வளர்க்கும் உரிமையாளர்களின் பற்றும் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஆனால் ஓடுகளம் மண் பாட்டையாக இருந்தது மாறி, தார்ச்சாலையாகிவிட்டது. குளம்பின் அதிர்ச்சியைச் சிறிதும் உள்வாங்காத அத்தரையில் முழு வேகத்தில் ஓடி, எல்லையில் சட்டென்று அடங்கி, ஒடுங்கிய வட்டத்தில் திரும்பி, மீண்டும் பாய்ந்து புறப்படும் அந்த ஒரு திருப்பமே, கணுமூட்டின் உட்புறக் கீழடுக்கை கடுமையாக அழுத்தி முறுக்கும்.

இங்கே பயன்படக்கூடிய சோதனை ஒன்று எந்தக் கருவியும் வேண்டாதது. பின்னங்காலைத் தூக்கி, கணுமூட்டு இறுக மடங்கும்படி ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பிடித்திருந்து, கீழே விட்டவுடன் குதிரையை நேராக ஓடவிட்டுப் பார்ப்பது. மூட்டில் நோய் இருந்தால் முதல் சில அடிகளில் நொண்டல் தெளிவாகத் தெரிந்துவிடும். உடல் சூடேறியதும் மறைந்துவிடும் நொண்டலை வெளிக்கொணர இதைவிட எளிய வழி இல்லை. சோதனையில் தவறும் குதிரைக்குத் தரவேண்டியவையும் அரியன அல்ல: சில மாத ஓய்வு, பிறகு மண் தரையில் கட்டுப்படுத்திய நடை, முன்நுனியைக் குறைத்துக் குளம்பு எளிதில் உருளும்படி அமைத்த லாடம், தவிட்டைச் சுருக்கி, கொள்ளும் பசும்புல்லும் கூட்டிய தீனி. பந்தயத்துக்கு வண்டிகள் வரிசையில் நிற்கும் காலை நேரத்தில், விழாக் குழுவினர் அழைத்தால் வட்டாரக் கால்நடை மருத்துவர் ஒருவரும், குதிரையின் காலைத் தூக்கிப் பிடிக்கத் தெரிந்த ஓர் ஆளும், நேராக ஐம்பது அடித் தொலைவும் இருந்தால் ஒவ்வொரு குதிரைக்கும் அச்சோதனையைச் செய்து முடிக்க ஐந்து நிமிடம் போதும்.